அளவை மாற்றினால் மாடல் தாங்குமா? சாலிட்வொர்க்ஸ், ஃப்ரீகேட், ஓப்பன்ஸ்கேட்

சாலிட்வொர்க்ஸ், ஃப்ரீகேட், ஓப்பன்ஸ்கேட் மூன்றும் பாகங்களின் முப்பரிமாண மாடலைக் கணினியில் உருவாக்கும் மென்பொருள்கள். ஒரு ஃபிளேஞ்சை, அதாவது குழாய்களைப் போல்ட் போட்டு இணைக்கும் வட்டத் தட்டை, எடுத்துக்கொள்வோம். வெளிவிட்டம் 100 மி.மீ., போல்ட் துளைகள் 9 மி.மீ., அவை அமரும் வட்டத்தின் விட்டம், அதாவது பிசிடி, 80 மி.மீ. எட்டுத் துளைகளோடு அழகாக நிற்கும். துளைகளை 20 ஆக்கினால் அடுத்தடுத்த துளைகளுக்கு நடுவே மூன்றரை மி.மீ.தான் மிஞ்சும். துளை விளிம்பில் 2 மி.மீ. ஃபில்லட் (விளிம்பை உருட்டிவிடும் வளைவு) போட்டிருந்தால் அவை முட்டிக்கொள்ளும், மென்பொருள் பெரும்பாலும் சிவப்பில் கத்தும். நல்லதுதான், பிரச்சினை கண்ணில் பட்டுவிட்டது. ஃபில்லட்டே இல்லாத மாடலில் 27 துளை போட்டுப் பாருங்கள். இடைவெளி 0.3 மி.மீ. கூட இல்லை, பட்டறையில் யாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். திரையிலோ எல்லாம் சுத்தம். 28 ஆக்கினால் துளைகள் எல்லாம் ஒன்றுசேர்ந்து நடுப்பகுதியே தனியாகக் கழன்றுவிடும்.

இப்படிச் சத்தமில்லாமல் வரும் தப்பை எது பிடிக்கும் என்பதை வைத்துத்தான் நான் மூன்றையும் எடைபோடுகிறேன்.

சாலிட்வொர்க்ஸில் டிசைன் டேபிள் இருக்கிறது. எக்ஸெல் தாளில் ஒரு வரிசைக்கு ஒரு கான்ஃபிகரேஷன், அதாவது பாகத்தின் ஒரு சைஸ்; ஒரு பத்திக்கு ஓர் அளவு. ஒரே பாகத்தை ஏழெட்டு சைஸில் விற்கும் கம்பெனிக்கு இதைவிட வசதி கிடையாது. ஆனால் சோதனை என்று வரும்போது ஒரு சிக்கல்: அட்டவணையில் வரிசை சேர்ந்துவிட்டது என்பதற்காக அந்த சைஸ் புது அளவுகளோடு ரீபில்ட் ஆகிவிட்டது, அதாவது மாடல் மறுபடி உருவாகிவிட்டது என்று அர்த்தமில்லை. ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தால்தான் உடைந்தது தெரியும். இடைவெளியைக் கண்காணிக்க சென்சார் வைத்து எச்சரிக்கை கேட்கலாம். அதை எத்தனை பேர் பயன்படுத்துகிறார்கள் என்பது வேறு கதை.

ஃப்ரீகேட் இலவசம். ஸ்ப்ரெட்ஷீட்டில் அளவுகளுக்குப் பெயர் வைத்து ஸ்கெட்சோடு (மாடலுக்கு அடிப்படையான தட்டை வரைபடம்) இணைத்துவிட்டால் அதுவும் கிட்டத்தட்ட அதே வேலைதான். இதன் பழைய வியாதி, விளிம்புகளுக்கு மென்பொருள் உள்ளே வைக்கும் எண் மாறிப்போவது: துளையைக் கூட்டினால் ஃபில்லட் வேறு விளிம்பில் போய் ஒட்டிக்கொள்ளும். 2024 நவம்பரில் வந்த 1.0 பதிப்பில் இது நன்றாகவே குறைந்திருக்கிறது. முழுதும் தீர்ந்தது என்று நம்பிவிட வேண்டாம். எனக்குப் பிடித்தது இதன் பைத்தான் வசதி. திரையைத் திறக்காமலே ஒரு ஸ்கிரிப்ட் 4 முதல் 30 வரை துளைகளை மாற்றி, ஒவ்வொரு முறையும் மாடலைப் புதுப்பித்து, வடிவம் செல்லுபடியாகிறதா, கன அளவு என்ன, எத்தனை தனித்துண்டு என்று எழுதிவைக்கும். துண்டு ஒன்றிலிருந்து இரண்டானால் கதை முடிந்தது. 27-ஐ மட்டும் இதுவும் கண்டுகொள்ளாது. அதற்கு இடைவெளிக் கணக்கை ஸ்கிரிப்டில் நீங்களே எழுத வேண்டும். பைத்தானின் சைன் கோணத்தை டிகிரியில் அல்ல, ரேடியனில் எதிர்பார்க்கும், மறக்காதீர்கள்.

மாடலையே நிரலாக எழுதும் ஓப்பன்ஸ்கேடில் அந்தக் கணக்கு மாடலுக்குள்ளேயே உட்கார்ந்துகொள்கிறது. பிசிடியை சைன்(180/துளை எண்ணிக்கை) மதிப்பால் பெருக்கி, துளை விட்டத்தைக் கழித்தால் இடைவெளி. இங்கே சைன் டிகிரியிலேயே. அது 3 மி.மீ.க்குக் குறைந்தால் நிறுத்து என்று ஒரே ஒரு அசெர்ட் வரி (நிபந்தனை தவறினால் பிழை சொல்லி நிறுத்தும் கட்டளை) போதும். யார் எந்த எண்ணைக் கொடுத்தாலும் 27-இல் மாடல் வராது, பிழைச் செய்திதான் வரும். கமாண்ட் லைனில் மதிப்புகளை மாற்றி மாற்றி ஓட்டலாம், அனிமேஷனில் ஓர் அளவை மெல்ல ஏற்றிப் பார்க்கவும் செய்யலாம். குறை என்ன? எதையும் மவுஸால் இழுக்க முடியாது, உள்ளேயே ஃபில்லட் கிடையாது. அப்புறம் வட்டமெல்லாம் பலகோணம்தான்: வழுவழுப்பைக் கூட்டாமல் விட்டால் நம் 9 மி.மீ. துளைக்கு 15 பக்கம்தான் கிடைக்கும். 28-ஐ ஒட்டிய எல்லைகளில் அந்த வடிவத்தைப் பார்த்து முடிவெடுக்கக் கூடாது.

வாடிக்கையாளர் சைஸ் பட்டியல் நிலையானது என்றால் சாலிட்வொர்க்ஸ். எந்த எண் வரும் என்று தெரியாத மாடல், அதாவது மற்றவர்கள் அளவு மாற்றி அச்சிடும் பாகம் என்றால், அசெர்ட் எழுதிய ஓப்பன்ஸ்கேட். ஃபில்லட்டும் ஸ்கெட்சும் நிறைந்த பாகத்துக்கு ஃப்ரீகேடும் ஒரு ஸ்கிரிப்டும். எதில் செய்தாலும் துளை எண்ணிக்கையை மட்டும் ஓட்டி நிறுத்தாமல் பிசிடியையும் கூடவே மாற்றிப் பாருங்கள். பிசிடி 60 ஆனால் 20 துளைக்கு வெறும் 0.4 மி.மீ. இடைவெளிதான்.