ப்ராக்சிமிட்டி சுவிட்சைச் சோதிக்க: மல்டிமீட்டரா, கையடக்க டெஸ்டரா, விமானத்தின் சுயசோதனையா?

சக்கரம் மேலே போய்ப் பூட்டிக்கொண்டதா, கதவு மூடியதா, விமானம் தரையில்தான் நிற்கிறதா என்பதையெல்லாம் தொடாமலே சொல்வது ப்ராக்சிமிட்டி சுவிட்ச். எதிரே இருக்கும் உலோக டார்கெட் நெருங்கினால் ஒரு நிலை, விலகினால் இன்னொன்று. அது பொய் சொன்னால் காக்பிட்டில் விளக்கு எரியும். உடனே சுவிட்சைக் கழற்றி மாற்றிவிடுவது பலரின் வழக்கம். மாற்றிய பிறகும் விளக்கு அணையாதபோதுதான் சோதனைக் கருவி ஞாபகம் வரும்.

மல்டிமீட்டர் எல்லோர் பெட்டியிலும் இருக்கிறது, அதன் பெரிய பலமே அதுதான். இந்தச் சுவிட்ச், அதாவது சென்சார், இரண்டு கம்பி, மூன்று கம்பி என இரு வகை. இரண்டு கம்பி சென்சாருக்குள் இருப்பது காயில் (கம்பிச்சுருள்) மட்டுமே. அது அறுந்திருக்கிறதா, உலோகக் கூட்டோடு ஒட்டியிருக்கிறதா என்று ஓம்ஸில் பார்த்துவிடலாம். ஆனால் காயிலின் சில சுற்றுகள் மட்டும் தமக்குள் ஷார்ட் ஆனால் மின்தடை பெரிதாக மாறாது, இண்டக்டன்ஸ்தான் (காயிலின் மின்தூண்டல் அளவு) சரியும். சென்சாரைப் படிக்கும் கட்டுப்பாட்டுப் பெட்டி கவனிப்பதோ இண்டக்டன்ஸை. அதனால் மீட்டர் நல்லது என்று சொன்ன சென்சாரைப் பெட்டி ஏற்காமல் போகலாம்.

மூன்று கம்பி வகையில் மீட்டர் இன்னும் திணறும். உள்ளே மின்னணுச் சுற்று இருக்கிறது, மின்சாரம் கொடுத்தால்தான் அது வேலை செய்யும். லோட் (மின்சாரத்தை இழுக்கும் சுமை) இல்லாத வெளியீட்டில் மீட்டரை வைத்தால் இல்லாத வோல்டேஜ்கூட இருப்பதாகத் தெரியும். மேனுவல் சொல்லாதவரை மெக்கரை (உயர் வோல்டேஜில் இன்சுலேஷனைச் சோதிக்கும் மீட்டர்) அதன் பக்கம் கொண்டுபோகவே வேண்டாம், உள்ளிருக்கும் குறைகடத்திகள் தாங்காது.

கையடக்க டெஸ்டர் ஜெயிப்பது இங்கேதான். மூன்று கம்பி வகைக்கு மின்சாரமும் லோடும் அதுவே கொடுத்து, நிலை மாறியதும் விளக்கிலோ ஒலியிலோ சொல்லிவிடும். இரண்டு கம்பி வகைக்கு இண்டக்டன்ஸை அளக்கும் டெஸ்டர் வேண்டும். ஒன்றுக்கானது மற்றதற்கு உதவாது, வாங்கும்போது இதைக் கவனிக்காமல் ஏமாறுவது உண்டு. சக்கரத்தடியில் நின்றபடி டார்கெட்டை நகர்த்தி, எந்த இடைவெளியில் மாறுகிறது, விலகும்போது எங்கே திரும்புகிறது என்று இரண்டையும் பார்க்கலாம். இரண்டும் ஒரே இடத்தில் இருக்காது, அது கோளாறு இல்லை. இடைவெளியை அளக்க உலோகமில்லாத ஃபீலர் கேஜ் (இடைவெளியில் நுழைத்துப் பார்க்கும் மெல்லிய தகடு) போதும். இரும்புக் கேஜை நுழைத்தால் சென்சார் அதையே டார்கெட் என்று எண்ணிக்கொள்ளும்!

சரி, டெஸ்டருக்குத் தெரியாதது? கனெக்டரைக் கழற்றி அதை மாட்டியதுமே ஹார்னஸும் (விமானத்தின் கம்பிக் கட்டு) பெட்டியும் சோதனையை விட்டு வெளியே போய்விடுகின்றன. அங்கே விமானத்தின் சுயசோதனைதான் துணை. போயிங் 737 என்ஜியில் பிஎஸ்இயு என்ற கட்டுப்பாட்டுப் பெட்டி, ஏர்பஸ் ஏ320-இல் இரண்டு எல்ஜிசிஐயு பெட்டிகள் இந்த வேலையைப் பார்க்கின்றன. முழுப் பாதையையும் அவை பார்க்கும், ஆனால் பழுது சென்சாரிலா, கம்பியிலா என்று பிரித்துச் சொல்வது எப்போதும் நடக்காது. சக்கரம் மேலே பூட்டிக்கொண்டதைச் சொல்லும் மேல்பூட்டு சென்சார் என்றால் ஜாக்கில் தூக்கிச் சக்கரத்தை மடக்கிப் பார்க்கவும் வேண்டியிருக்கும்.

என் வரிசை இது: சுயசோதனை காட்டும் சென்சாரைக் குறித்துக்கொண்டு, டெஸ்டரால் அதையும் இடைவெளியையும் பார்ப்பேன். இரண்டும் நன்றாக இருந்தால் மல்டிமீட்டரோடு கம்பியைத் தேடிப் போவேன். மாட்டி முடித்ததும் மறுபடி சுயசோதனை. கனெக்டரில் கை வைக்கும் முன் சக்கரம் மடங்காமல் தடுக்கும் கியர் பின்கள் இருக்கின்றனவா, உரிய சர்க்யூட் பிரேக்கர்கள் இழுக்கப்பட்டிருக்கின்றனவா என்று பார்ப்பது தனி. தரைநிலை சென்சாரைக் கழற்றினால் சில விமானங்கள் தாம் பறப்பதாக நினைத்துக்கொள்ளும்.