நுங்கம்பாக்கத்தில் ஒரு மரபணு ஆலோசனை

ஐரிஸ் (கண்மணியைச் சுற்றியுள்ள நிற வளையம்) இல்லாமல் பிறந்த எங்கள் மகளுக்காக, சென்னை நுங்கம்பாக்கத்தில் உள்ள ஒரு கண் மருத்துவமனையின் மரபணு ஆலோசனைப் பிரிவுக்குச் சென்றோம். கருவின் நான்காம் வாரத்தில் மூளையிலிருந்து புடைத்து வரும் கண்குமிழ் மேற்பரப்புத் தோலை நெருங்கியதும் அங்கே லென்ஸ் உருவாகத் தொடங்குவதையும், அதை வழிநடத்தும் பாக்ஸ்6 மரபணுவின் இரு பிரதிகளில் ஒன்று பழுதானாலே ஐரிஸ் சரியாக வளராது என்பதையும், ஆலோசகர் தாளில் கிண்ணம்போல் வரைந்து நிதானமாக விளக்கினார். எலியின் இதே மரபணுவைக் கொண்டு 1995-இல் பழ ஈயின் உடலில் வேறிடத்தில் கண்ணை வளர்த்துக் காட்டினார்கள் என்று அவர் சொன்னபோது, அதுவரை அழுதுகொண்டிருந்த என் மனைவி கேள்விகள் கேட்கத் தொடங்கினார். பாக்ஸ்6 இருக்கும் 11-ஆம் குரோமோசோமில் அதன் பக்கத்து மரபணுவும் சேர்ந்து விடுபட்டிருந்தால் சிறுநீரகக் கட்டி வரக்கூடும் என்பதால், ஆலோசகர் ஸ்கேனுக்கும் அன்றே எழுதிக் கொடுத்தார். அந்த அக்கறை பெரிது. அறிக்கை மட்டும் ஆங்கிலத்திலேயே வந்தது; அதைத் தமிழிலும் தர வேண்டும்.