செமினார் ஹாலா, கிராமத்து முகாமா, ப்ராஜெக்ட் லேபா?

உணர்வுசார் நுண்ணறிவு என்ற கருத்தை 1990-இல் முன்வைத்த உளவியலாளர்கள் சலோவியும் மேயரும் அதை ஒரு திறன் என்றார்கள்: தன் உணர்வையும் பிறர் உணர்வையும் கவனித்து, பிரித்தறிந்து, அதற்கேற்ப நடந்துகொள்வது. பொறியியல் மாணவர்களுக்கு இதை எங்கே கற்றுத்தருவது? நம் கல்லூரிகளில் மூன்று இடங்கள் இருக்கின்றன.

எல்லாரையும் எட்டுவது செமினார் ஹாலில் நடக்கும் பிளேஸ்மென்ட் பயிற்சி, அதாவது வேலைவாய்ப்புத் தேர்வுக்கான பயிற்சி. தமிழ்வழியில் படித்துவந்து, வாய் திறக்கவே கூசும் பிள்ளை அங்கேதான் முதன்முதலாக எழுந்து நின்று இரண்டு நிமிடம் பேசுகிறது. அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் குரூப் டிஸ்கஷனில் பக்கத்தில் இருப்பவர் போட்டியாளர். அவர் எப்போது மூச்சு விடுவார், நாம் எப்போது நுழையலாம் என்று காத்திருப்பதைக் காதுகொடுத்துக் கேட்பது என்று சொல்ல முடியுமா?

என்.எஸ்.எஸ். (நாட்டு நலப்பணித் திட்டம்) கிராமத்தில் நடத்தும் சிறப்பு முகாம் இதற்கு நேர் எதிர். ஏழு நாள் ஒரே கூரை, ஒரே சமையல். கோல்டு மெடல் வாங்கப் போகிறவனும் அரியர் வைத்தவனும் சேர்ந்து மண் சுமக்கிறார்கள். போய்வந்தவர்களிடம் மாற்றம் கண்கூடாகத் தெரியும். ஆனால் ஒரு யூனிட்டுக்கு முகாமில் ஐம்பது பேர்தான். மற்றவர்கள்?

என் ஓட்டு ப்ராஜெக்டுக்கு. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 பாடத்திட்டத்தில் எட்டாம் பருவ ப்ராஜெக்டுக்கு 10 கிரெடிட். யாரும் தப்ப முடியாது, சண்டையும் நிஜம். ஒருவன் கோடிங், ஒருவன் செலவு, ரிப்போர்ட் மட்டும் எப்போதும் பெண் தலையில். ஒரு ரிவியூவில் கேட்டேன்: "ரிப்போர்ட் நீயா கேட்டு வாங்கினதாம்மா?" அவள் பேசவில்லை. பையன்தான் சொன்னான்: "நாங்க கேக்கவே இல்ல சார்." அடுத்த வாரம் அவள் கோடிங்கில் உட்கார்ந்தாள், அவன் ரிப்போர்ட் எழுதினான். அந்த ஒரு வாக்கியம் அவன் வாயிலிருந்து வர எந்தப் பயிற்சி வகுப்பும் போதாது.

குறையும் உண்டு. ப்ராஜெக்டை வழிநடத்தும் ஆசிரியர்களான கைடுகளில் பெரும்பாலானோர் அவுட்புட் வந்ததா என்று மட்டும் பார்க்கிறார்கள். மனிதர்களைக் கவனிக்க அவர்களுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. சக மாணவர்களையே மதிப்பெண் போடச் சொன்னால் மூவர் சேர்ந்து ஒருவரைப் பழிவாங்குவார்கள். எனவே மதிப்பெண் வேண்டாம். வாரம் பத்து நிமிடம், "யார் பேச்சு யாரை நோகடித்தது, அதற்குப் பிறகு என்ன செய்தீர்கள்?" என்று கைடு கேட்கட்டும். வெளிப் பயிற்சியாளருக்குக் கொடுக்கும் பணத்தில் ஒரு பகுதியை, இந்தக் கேள்வியைக் கேட்க ஆசிரியர்களைத் தயார்செய்யச் செலவிடலாம்.