பி.ஆர்.வி.யா, அரெஸ்டரா, பிரஷர் டேங்க்கா? சுவருக்குள் 'டொம்' சத்தம் கேட்கிற வீட்டுக்கு எது சரி

வாஷிங் மெஷின் தண்ணீர் பிடித்து முடிக்கும்போதெல்லாம் எங்கள் வீட்டுச் சுவருக்குள் 'டொம்' என்று ஒரு சத்தம் வரும். பத்து மாடிக் கட்டிடத்தில் நாங்கள் இரண்டாவது மாடி. மெஷினின் ஹோஸ் ஒரே வருடத்தில் இரண்டு முறை பிய்த்துக்கொண்டது. பிளம்பர் வந்தார், குழாயை ஒருமுறை திறந்து பார்த்தார். "பிரஷர் ஜாஸ்தி சார், ஒரு பி.ஆர்.வி. போட்டுடலாம்" என்றார். குழாயில் வரும் அழுத்தத்தைக் குறைத்துவிடுகிற வால்வு அது. போட்டோம். சத்தம் நிற்கவில்லை.

அப்புறம்தான் முதலிலேயே செய்திருக்க வேண்டியதைச் செய்தேன். இரண்டு முள் உள்ள பிரஷர் கேஜ் ஒன்று வாங்கினேன். கறுப்பு முள் அந்தந்த நேரத்து அழுத்தத்தைக் காட்டும். சிவப்பு முள் அதிகபட்சமாக எதைத் தொட்டதோ அங்கேயே நின்றுவிடும். மெஷினுக்குத் தண்ணீரைத் திறந்து மூடும் ஆங்கிள் காக்கில் அதை மாட்டினேன். கறுப்பு முள் 2.5 பாரில் இருந்தது (பார் என்பது அழுத்தத்தின் அளவு). மெஷின் தண்ணீரை நிறுத்தியது, 'டொம்'. சிவப்பு முள் 6.5-இல் போய் நின்றது.

கணக்கு லேசானதுதான். 10 மீட்டர் உயரத் தண்ணீர் ஏறக்குறைய 1 பார். எங்கள் மொட்டை மாடித் தொட்டிக்கும் குழாய்க்கும் சுமார் 30 மீட்டர், ஆகவே 3 பார். பி.ஆர்.வி. குறைத்தது அதில் அரை பார். மெஷினின் வால்வு சட்டென்று மூடியதில் ஏறியதோ 4 பார். நொடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் ஓடும் தண்ணீரைத் திடீரென நிறுத்தினால் சி.பி.வி.சி. என்ற பிளாஸ்டிக் குழாயில் ஏறக்குறைய அவ்வளவு ஏறும். இரும்புக் குழாய் வளைந்துகொடுக்காது, அதில் 12 பாரையும் தாண்டலாம். மாஸ்கோ நகரக் குழாய்களில் சோதனை நடத்தி ரஷ்ய விஞ்ஞானி ஜூக்கோவ்ஸ்கி 1898-இல் எழுதிவைத்த சமாச்சாரம் இது.

அப்படியானால் பி.ஆர்.வி. வீண் செலவா? இல்லை. கறுப்பு முள்ளே எந்நேரமும் 5 பாருக்கு மேல் நிற்கிற வீட்டில் முதலில் போட வேண்டியது அதுதான். உயரமான கட்டிடங்களின் கீழ்த்தளங்களில் அது இல்லாமல் முடியாது. ஆனால் தனி வீட்டில், தொட்டி 6 மீட்டர் உயரத்தில், பம்ப்பும் கிடையாது என்றால் அங்கே இருப்பதே 0.6 பார். அங்கே போய் எதைக் குறைப்பது? பராமரிப்பும் உண்டு. போர் தண்ணீரின் மணலும் உப்பும் உள்ளே சேர்ந்தால் வால்வு முழுதாக மூடாது. பகலில் குழாய் ஓடும்போது எல்லாம் சரியாகத் தெரியும். ராத்திரி யாரும் தண்ணீர் திறக்காத நேரத்தில் முள் மெல்ல மெல்ல ஏறினால் வால்வின் மூடி போய் உட்காரும் சீட் தேய்ந்துவிட்டது அல்லது அதில் அழுக்கு சேர்ந்துவிட்டது என்று அர்த்தம்.

அடி மாதிரி விழுகிற அழுத்தத்துக்கு அரெஸ்டர்தான். கட்டைவிரலைவிடக் கொஞ்சம் பெரிய குப்பி. உள்ளே அடைத்த காற்று, நடுவில் ஒரு பிஸ்டன். தண்ணீர் மோதும்போது காற்று அமுங்கி அடியை வாங்கிக்கொள்ளும். மெஷினுக்கு ஒட்டினாற்போல் மாட்ட வேண்டும். தூரத்தில், குழாய்கள் ஏறி இறங்கும் டக்ட்டுக்குள் மாட்டினால் பலன் குறைந்துவிடும். பழைய பிளம்பர்கள் இதற்குப் பதிலாக ஒரு முழம் பைப்பை மேல்நோக்கி நிறுத்தி மூடி போடுவார்கள். ஆரம்பத்தில் நன்றாகவே வேலை செய்யும். நாளாக ஆக அந்தக் காற்று தண்ணீரில் கரைந்துபோகும், பிறகு அது வெறும் பைப்தான்.

மூன்றாவது ஆள் பிரஷர் டேங்க். உள்ளே ஒரு ரப்பர் பை, ஒரு பக்கம் காற்று, மறுபக்கம் தண்ணீர்; விரியும் தண்ணீருக்கு இடம் கொடுக்கும். சத்தமே இல்லாமல், கீசர் போட்டதும் நிதானமாக ஏறுகிற அழுத்தத்துக்கு இது. 25 லிட்டர் கீசரில் தண்ணீர் 25 டிகிரியிலிருந்து 60-க்குச் சூடானால் மூன்றில் ஒரு பங்கு லிட்டர் அளவுக்கு விரியும். முன்பெல்லாம் அது வந்த வழியே தொட்டிக்குத் திரும்பிவிடும். வழியில் தண்ணீரைத் திரும்பவிடாத நான்-ரிட்டர்ன் வால்வு வந்துவிட்டால் போக இடமில்லை, கீசரின் சேஃப்டி வால்வு சொட்டத் தொடங்கும். சொட்டுகிறதே என்று அதை அடைத்துவிடுபவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம், கீசர் வெடிக்காமல் காப்பதே அதுதான். டேங்க்கின் உள்பை கிழிந்ததா என்று பார்ப்பதும் எளிது. கார், பைக் டயரில் இருப்பது போன்ற வால்வு பின்னை அழுத்துங்கள். காற்றுக்குப் பதில் தண்ணீர் பீய்ச்சினால் பை போய்விட்டது.

எதுவுமே வாங்காமல் ஒரு வழியும் இருக்கிறது. மெஷினுக்குப் போகும் ஆங்கிள் காக்கைக் கொஞ்சம் மூடிவையுங்கள். தண்ணீரின் வேகம் பாதியானால் அடியும் பாதியாகும். மெஷினுக்குத் தண்ணீர் பிடிக்கச் சில நிமிடம் கூடுதலாகும், அவ்வளவுதான். அரெஸ்டர் கிடைக்கும்வரை நான் இரண்டு வாரம் இப்படித்தான் ஓட்டினேன்.

இப்போது சிவப்பு முள் 3.5-ஐத் தாண்டுவதில்லை. பி.ஆர்.வி.யையும் கழற்றவில்லை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை அதன் வடிகட்டி வலையைக் கழற்றிக் கழுவுகிற வேலைதான் எனக்குப் புதிதாகச் சேர்ந்திருக்கிறது.