7018 ராடும் எஃகுக் கட்டுமானமும்: பல ஆண்டுப் பயன்பாட்டில் கண்டவை

திருச்சி துவாக்குடிப் பகுதியில், தொழிற்கூடங்களுக்கான தூண், உத்திரம், கிரேன் கர்டர் முதலியவற்றைச் செய்துகொடுக்கும் பட்டறை ஒன்றில் பல ஆண்டுகளாகத் தர ஆய்வுப் பொறுப்பில் இருக்கிறேன். எங்கள் பட்டறையில் நீண்டகாலமாகப் பயன்பட்டுவரும் இ 7018 வகை எலக்ட்ரோடைப் (பூச்சிட்ட பற்றவைப்புக் கம்பி, பட்டறை மொழியில் ராடு) பற்றிய அனுபவமே இக்கட்டுரை. எந்த நிறுவனத்தின் ராடு நல்லது என்று சொல்லப் போவதில்லை. பல நிறுவனங்களின் ராடுகளை மாற்றி மாற்றிப் பயன்படுத்தியதில் பிராண்டுக்குப் பிராண்டு கண்ட வேறுபாட்டைவிட, ஒரே பெட்டி ராடுகளை ஈரம் போக ஓவனில் சரியாகக் காய்ச்சிய நாளுக்கும் காய்ச்சாத நாளுக்கும் இடையே கண்ட வேறுபாடு பெரியது.

முதலில் அந்த எண். 70 என்பது பற்றவைப்பு உலோகத்தின் குறைந்தபட்ச இழுவலிமை: சதுர அங்குலத்துக்கு எழுபதாயிரம் பவுண்டு, நம் கணக்கில் ஏறத்தாழ 490 மெகாபாஸ்கல். அடுத்த 1, எல்லா நிலைகளிலும் பற்றவைக்கலாம் என்பதற்கு. கடைசி 8 தான் காசுக்குரிய எண்; ஹைட்ரஜன் குறைந்த, இரும்புத்தூள் கலந்த பூச்சு என்பதை அது சொல்கிறது. வாங்குபவர்களில் பெரும்பாலோர் 70 ஐப் பார்த்து விலை கொடுக்கிறார்கள். சாதாரண வேலைக்குப் பயன்படும் 6013 ராடும் 430 மெகாபாஸ்கல் தரும், ஐ.எஸ். 2062 இ 250 என்னும் சாதாரணக் கட்டுமான எஃகுத் தகட்டுக்கு வலிமைக் கணக்கில் அதுவே போதும். ஆகவே வலிமைக்காக மட்டும் 7018 வாங்குவது பல வேலைகளில் வீண் செலவு என்பதே என் கருத்து.

கையாளும் விதத்தில் இரண்டுக்கும் உள்ள தூரம் அதிகம். 6013 பழகிய வெல்டர் முதன்முதலில் 7018 ஐப் பிடித்தால் ராடு தகட்டில் ஒட்டிக்கொள்ளும். ஆர்க்கை (ராடு நுனிக்கும் தகட்டுக்கும் இடையே எரியும் மின்வில்லை) நீட்டிப் பிடித்துப் பார்ப்பார். உடனே புள்ளி புள்ளியாகத் துளை விழும். இந்த ராடுக்கு ஆர்க் நீளம் கம்பியின் விட்டத்துக்குள் அடங்கியிருக்க வேண்டும், கையை அதிகம் வீசக் கூடாது. எங்களிடம் 3.15 மி.மீ. ராடு, டி.சி.யின் பாசிட்டிவ் முனையில் இணைத்து, 110 முதல் 130 ஆம்பியருக்குள் ஓடும்போது மிகவும் ஒழுங்காக இருக்கிறது. தொடங்கும் இடத்தில் வரும் துளைகள் தனித் தொல்லை. பூச்சு உருகி வாயுக் கவசம் அமைவதற்கு முன்பே முதல் சில மில்லிமீட்டர் உலோகம் விழுந்துவிடுகிறது. பழைய கைகள் மூட்டின் போக்கில் சற்று முன்னால் ஆர்க்கை அடித்து, பின்னுக்கு வந்து, அடித்த இடத்தின் மீதே மறுபடி ஓட்டி அதை உருக்கிவிடுவார்கள். பாதி எரிந்த ராடின் நுனியில் கண்ணாடி போன்ற ஸ்லாக் (பூச்சு உருகிய கசடு) உறைந்து நிற்கும். அதைத் தகட்டில் ஓங்கித் தட்டினால் பூச்சும் சேர்ந்து உதிர்ந்து, கம்பி வெறுமையாக நிற்கும். அப்படிப்பட்ட நுனியில் தொடங்கிய இடத்தைக் கிரைண்டரால் சுரண்டிப் பார்த்தால், ஊசி குத்தியதுபோல் வரிசையாகத் துளைகள் தெரியும்.

சரியாக ஓடிய தையலில் (பற்றவைத்த கோட்டில்) ஸ்லாக் நீளமான துண்டுகளாகத் தானே எழும்பி வரும். ஓரத்தில் அண்டர்கட் (தகடு உருகிக் குழிந்த பள்ளம்) இருந்தால் அங்கேயே ஒட்டிக்கொண்டு சிப்பிங் சுத்தியலுக்கு வேலை வைக்கும். எனக்கு அதுவே முதல் ஆய்வு; ஸ்லாக் எப்படிப் போகிறது என்பதைப் பார்த்தாலே தையலின் பாதிக் கதை தெரிந்துவிடும்.

இனி ஹைட்ரஜன். பூச்சில் உள்ள ஈரம் ஆர்க்கின் வெப்பத்தில் பிரிந்து, அணு நிலை ஹைட்ரஜனாக உருகிய உலோகத்தில் கரைகிறது. தையல் குளிரும்போது அது பக்கத்தில் உள்ள வெப்பம் தாக்கிய பகுதிக்குள் நகர்கிறது. அந்தப் பகுதி வேகமாகக் குளிர்ந்து கடினமாகியிருந்து, மூட்டும் சுருங்க வழியில்லாமல் இறுகிப் பிடிக்கப்பட்டிருந்தால், ஏறத்தாழ 200 டிகிரிக்குக் கீழே வந்தபின் விரிசல் விடும். ஹைட்ரஜன், கடின அமைப்பு, இழுவிசை ஆகிய மூன்றும் சேர்ந்தால்தான் இது நேரும்; ஒன்றை நீக்கினாலும் தப்பிக்கலாம். உடனே தெரிவதில்லை என்பதே இதன் கொடுமை. மணிக்கணக்கில், சில வேளை இரண்டு நாள் கழித்துத்தான் வெளிப்படும்.

இதை நேரில் கண்ட ஒரு நிகழ்வு உண்டு. துணை ஒப்பந்தக்காரர் ஒருவரின் பட்டறையில் 40 மி.மீ. தடிமனுள்ள இ 350 என்னும் வலிமை கூடிய எஃகின் அடித்தகட்டில் ஸ்டிஃப்னர்களை (விறைப்பூட்டும் தகடுகளை) வைத்துப் பற்றவைத்திருந்தார்கள். வேலை முடிந்த மாலையில் காந்தத் துகள் சோதனையில் (காந்தமாக்கிய எஃகின் விரிசலில் துகள் சேர்ந்து காட்டும் சோதனை) எல்லாம் சுத்தமாக இருந்தது. 48 மணி நேரம் கழித்துத்தான் இறுதிச் சோதனை என்பது எங்கள் விதி. அதன்படி மறுபடி வெள்ளைப் பூச்சு அடித்து, கறுப்புத் துகளைத் தெளித்து, யோக் என்னும் மின்காந்தத்தை வைத்தபோது, தையலின் கால் விளிம்பை (தையல் தகட்டோடு சேரும் ஓரத்தை) ஒட்டி, தலைமுடி அளவில், விரல் நீளத்துக்கு ஒரு கறுப்புக் கோடு எழுந்தது. விசாரித்ததில், முந்தைய நாள் திறந்த பாக்கெட்டில் மிஞ்சிய ராடுகள் இரவு முழுதும் மேசைமேல் கிடந்ததும், தகட்டை முன்சூடு செய்யாததும் தெரிந்தன. ஐப்பசி மழை வேறு. பெட்டியில் 7018 என்றுதான் அச்சிட்டிருந்தது. பூச்சில் இருந்த ஈரத்தைப் பார்த்தால் அந்தக் கடைசி 8 க்குப் பொருளே இல்லை.

அந்தத் தகட்டின் மில் சான்றிதழை (எஃகு ஆலை தரும் கலவை விவரத்தை) எடுத்துக் கணக்கிட்டோம். எஃகு குளிரும்போது எவ்வளவு எளிதில் கடினமாகும் என்பதைக் காட்டும் கார்பன் சமானம் என்பது கார்பனோடு மாங்கனீசில் ஆறில் ஒரு பங்கும், குரோமியம், மாலிப்டினம், வனேடியம் கூட்டுத்தொகையில் ஐந்தில் ஒரு பங்கும், நிக்கல், செம்பு கூட்டுத்தொகையில் பதினைந்தில் ஒரு பங்கும் சேர்ந்தது. கார்பன் 0.18, மாங்கனீசு 1.45 என்றால் அவை இரண்டுமே 0.42 ஐத் தொட்டுவிடும். மற்றவை சேர்ந்து 0.44 ஆகும். அதே கார்பன் உள்ள சாதாரணத் தகட்டில் மாங்கனீசு 0.80 ஆக இருந்தால் 0.31 தான். இரண்டும் பார்வைக்கு ஒரே தகடு. ஸ்டாக் யார்டில் பெயின்ட் குறி அழிந்துபோனால் கண்டுபிடிக்கவே முடியாது. தடிமன் கூடக் கூட, தகடே வெப்பத்தை உறிஞ்சித் தையலை வேகமாகக் குளிர்விக்கிறது. எனவே 40 மி.மீ. தகட்டில் 0.44 என்பது 10 மி.மீ. தகட்டில் உள்ளதைவிட மிகவும் ஆபத்தானது. முன்சூடு குளிரும் வேகத்தைக் குறைப்பதோடு, ஹைட்ரஜன் வெளியேறவும் அவகாசம் தருகிறது. டார்ச்சால் மேலோட்டமாகக் காட்டிவிட்டு "சூடாயிடுச்சு சார்" என்பது செல்லாது. குறித்த வெப்பநிலையில் உருகும், சாக்பீஸ் போன்ற குச்சியால், மூட்டிலிருந்து தள்ளி, இயன்றால் மறுபக்கத்திலும் தொட்டுப் பார்க்க வேண்டும்.

காய்ச்சுவதைப் பொறுத்தவரை நாங்கள் கடைப்பிடிப்பது அமெரிக்க டி 1.1 விதித்தொகுப்பின் முறை: 260 முதல் 430 டிகிரிக்குள் குறைந்தது இரண்டு மணி நேரம், பிறகு 120 டிகிரிக்குக் குறையாத ஓவனில் இருப்பு, வெளியே எடுத்தபின் சாதாரண 7018 க்கு நான்கு மணி நேர வரம்பு, மறுகாய்ச்சல் ஒரே ஒரு முறை. இந்த நான்கு மணி நேரத்தைத்தான் நம்மூரில் யாரும் கணக்கில் வைப்பதில்லை. காலையில் வாங்கும் ராடைச் சாயங்காலம் வரை குவிவரின் (ராடைச் சூடாக வைக்கும் கைப்பெட்டியின்) மூடியைத் திறந்துபோட்டே எரிப்பார்கள். ஒருமுறை கொடுக்கும் கட்டின் அளவைக் குறைத்து, அரை நாளுக்கு எவ்வளவு எரியுமோ அவ்வளவு மட்டும் ஸ்டோரில் கொடுப்பது என்று மாற்றியபின் நிலைமை சீரானது. வேக்வம் பேக்கில் வரும் எச் 4 ராடுகள் (100 கிராம் உலோகத்துக்கு 4 மில்லி லிட்டருக்கு மேல் ஹைட்ரஜன் இராது என்பது அந்தக் குறியின் பொருள்) விலை கூடுதல். ஆனால் ஓவன் வைக்க வசதியில்லாத சைட்டுக்கு அவைதான் நியாயமான தேர்வு.

சைட்டைப் பற்றிச் சொன்னால், எஃகுக் கட்டுமான வடிவமைப்புக்கான இந்திய நெறிமுறையான ஐ.எஸ். 800 இன் 2007 பதிப்பு நினைவுக்கு வருகிறது. பட்டறையில் செய்த பற்றவைப்புக்கு 1.25, களத்தில் செய்ததற்கு 1.50 என்று பகுதிப் பாதுகாப்புக் காரணியை (கணக்கில் வலிமையை வகுக்கும் எண்ணை) அது வேறுபடுத்துகிறது. இளம் டிசைனர்கள் இதைக் காகிதச் சடங்காக நினைக்கிறார்கள். ஜெனரேட்டர் நின்று குவிவர் ஆறிப்போன பிறகு, முப்பது அடி உயரத்தில், காற்றில், ஒரு கையால் பைப்பைப் பிடித்துக்கொண்டு வெல்டர் ஓட்டும் தலைமேல் தையலைப் பார்த்தவர்களுக்கு அந்த 1.50 தாராளமாகத் தோன்றாது.

வலிமை எண் எவ்வளவு குறைவாகச் சொல்கிறது என்பதற்கு நார்த்ரிட்ஜ் நிலநடுக்கத்தைவிடத் தெளிவான சான்று இல்லை. 1994 ஜனவரி 17 அன்று லாஸ் ஏஞ்சலிஸ் பகுதியைத் தாக்கிய அந்த 6.7 அளவு நடுக்கத்துக்கு முன்புவரை, பற்றவைத்த எஃகுச் சட்டகம்தான் நிலநடுக்கத்தில் வளைந்து கொடுத்துத் தப்பிக்கும் என்று பொறியாளர்கள் நம்பினார்கள். அந்த வகைக் கட்டடங்கள் இடிந்து விழவில்லை. ஆனால் சுவர்ப் பூச்சையும் தீக்காப்புப் பூச்சையும் பிரித்துப் பார்த்தபோது, நூற்றுக்கும் மேற்பட்ட கட்டடங்களில் உத்திரமும் தூணும் சேரும் தையல்கள் வளையாமல் உடைந்திருந்தன. பெரும்பாலானவை கீழ் ஃபிளாஞ்சுத் (உத்திரத்தின் அடிப்பட்டை) தையலின் வேரில் (அடிப்பகுதியில்), உருகிய உலோகத்தைத் தாங்க வைத்து அப்படியே விட்டுவைத்த பேக்கிங் பட்டையின் ஓரத்தில் தொடங்கியிருந்தன; சில தூணுக்குள்ளும் ஓடியிருந்தன. அங்கே பயன்பட்ட இ 70 டி-4 என்னும் தானாகக் கவசமிடும் கம்பிக்கும் அதே 70 தான் வலிமை. ஆனால் விரிசலைத் தடுத்து நிறுத்தும் கடுந்தன்மைக்கு அதில் எந்த நிபந்தனையும் இல்லை. பின்பு இதை ஆராய அமைந்த எஸ்.ஏ.சி. கூட்டு முயற்சியின் ஆய்வுகளின் வழியே வந்த பரிந்துரைகள், மைனஸ் 29 டிகிரியில் 27 ஜூல் தாக்காற்றல் (திடீர் அடியில் உடையும்போது உலோகம் உறிஞ்சும் ஆற்றல்) வேண்டும் என்று கேட்டன. 7018 ராடுக்கு அமெரிக்க நியதி ஏற்கெனவே விதித்திருப்பது அதே அளவுதான். 6013 க்கு அப்படி எதுவும் இல்லை.

நம்மூரில் தண்ணீர்கூட உறைவதில்லையே, மைனஸ் டிகிரிச் சோதனை எதற்கு என்று வாடிக்கையாளர்கள் கேட்பதுண்டு. லாஸ் ஏஞ்சலிஸும் பனி நாடு அல்ல. தடித்த மூட்டில், எல்லாப் பக்கமும் இறுகிப் பிடிக்கப்பட்ட நிலையில், கூரிய பிளவு ஒன்று ஏற்கெனவே இருக்கும் இடத்தில், உலோகம் நீள்வதற்கு இடமே கிடைப்பதில்லை. அதற்கான கையிருப்பாகத்தான் அந்த எண்ணைப் பார்க்க வேண்டும். எங்கள் கிரேன் கர்டர்களில் பேக்கிங் பட்டையைக் கௌஜிங் செய்து (உருக்கிச் செதுக்கி) எடுத்து, வேரைச் சுத்தம் செய்து மறுதையல் போடுகிறோம். நேரம் பிடிக்கும் வேலை. ஒவ்வொரு முறையும் புரொடக்ஷன் பிரிவோடு வாக்குவாதம் நடக்கும்.

எதற்கு இந்த ராடு உதவாது என்பதையும் சொல்ல வேண்டும். திரும்பத் திரும்ப வரும் சுமையால் உண்டாகும் அயர்வு முறிவில் 7018 ஆனாலும் அதைவிட உயர்ந்த ராடு ஆனாலும் பெரிய பயன் இல்லை. பற்றவைத்த மூட்டின் அயர்வு ஆயுளைத் தீர்மானிப்பவை தையலின் வடிவமும், கால் விளிம்பில் உள்ள நுண்ணிய குறைகளும், தகைவு ஏறி இறங்கும் வீச்சும். எஃகின் வலிமையைக் கூட்டினாலும் அந்த ஆயுள் கூடுவதில்லை என்பதை இங்கிலாந்தின் வெல்டிங் இன்ஸ்டிடியூட்டிலும் அமெரிக்காவின் லீஹை பல்கலைக்கழகத்திலும் நடந்த நீண்டகாலச் சோதனைகள் காட்டின. தையலையொட்டிச் சுருக்கத்தால் எஞ்சும் இழுவிசை, விளைவு எல்லை (எஃகு நிரந்தரமாக நீளத் தொடங்கும் தகைவு) வரைக்கும்கூட இருக்கும். எனவே அமுக்கச் சுமை வந்து போகும் இடமும் முழுப் பாதுகாப்பானது அல்ல. ஆயுள் வீச்சின் மூன்றாம் மடிக்கு எதிர்விகிதத்தில் மாறுவதால், வீச்சைப் பாதியாக்கினால் ஆயுள் எட்டு மடங்காகிறது. அதைச் செய்யக்கூடியவர் டிசைனர், வெல்டர் அல்லர்.

மெல்போர்னின் கிங் ஸ்ட்ரீட் பாலம் 1961 இல் திறக்கப்பட்டு, 1962 ஜூலை 10 அன்று, ஒரு கனரக வண்டி கடக்கும்போது முறிந்தது. கர்டரின் கீழ் ஃபிளாஞ்சில் வலிமைக்காக வைத்த கூடுதல் தகட்டின் முனையில் போட்ட குறுக்குத் தையல்களின் விளிம்பில் விரிசல்கள் இருந்தன. 1980 மார்ச் 27 அன்று வட கடலில் அலெக்சாண்டர் கீலாண்ட் என்னும் எண்ணெய்த் துறைத் தங்குமிட மேடை கவிழ்ந்து 123 பேர் இறந்ததன் தொடக்கம், ஒரு கருவியின் தாங்கியை முதன்மைக் குழாயோடு சேர்த்த வெறும் 6 மி.மீ. ஃபில்லெட் தையல் (மூலையில் போடும் முக்கோணத் தையல்). இந்த இரண்டையும் எங்கள் ஃபிட்டர்களுக்கு வரைந்து காட்டியிருக்கிறேன். முதன்மை மூட்டை எல்லோரும் பயந்து ஒழுங்காகச் செய்கிறார்கள். தூக்குவதற்கு வைக்கும் லக், கேபிள் தட்டுக்கான கிளீட், ஃபிட்டப்புக்காகத் தற்காலிகமாக வைத்துத் தட்டி உடைக்கும் துண்டு ஆகியவற்றைத்தான் மிஞ்சிய ராடால், முன்சூடு இல்லாமல், யாரோ ஒரு ஹெல்ப்பர் டேக் (சிறு பிடிப்புத் தையல்) போட்டுவிட்டுப் போகிறார். கர்டரின் இழுவிசை ஃபிளாஞ்சில் எந்தத் தற்காலிகத் துண்டும் கூடாது என்று வரைபடத்திலேயே எழுதி வாங்கிவிடுவது நல்லது.

இன்று எங்கள் பட்டறைக்குள் நீண்ட ஃபில்லெட் தையல்களை எல்லாம் சிஓடூ வெல்டிங் (வாயுக் கவசத்தில் தொடர்கம்பியால் பற்றவைப்பது) எடுத்துக்கொண்டுவிட்டது. வேகத்தில் ராடு அதனோடு போட்டியிட முடியாது. காற்று வீசும் களத்தில் வாயுக் கவசம் கலைந்துவிடுவதால் அங்கே 7018 தான். தடித்த தகடு, இறுகிய மூட்டு, பழுது நீக்கிய இடம் ஆகியவற்றுக்கும் அதையே வைத்திருக்கிறோம். கைப்பிடி, கிரில், மெல்லிய தகட்டு வேலைக்கு 6013 ஐ விட்டு இதற்கு மாறத் தேவையில்லை. அந்த ராடு எளிதாகப் பற்றும், ஏ.சி. மெஷினிலும் ஓடும், தையலும் அழகாக விழும்.

வாங்குவோருக்கு ஒன்றிரண்டு. பேட்ச் எண்ணோடு கூடிய சோதனைச் சான்றிதழைக் கேளுங்கள். அதில் தாக்காற்றலும் பரவும் ஹைட்ரஜன் அளவும் தனித்தனியே குறிக்கப்பட்டிருக்கின்றனவா என்று பாருங்கள். பெட்டியைத் திறந்தவுடன் பூச்சு வெடித்த ராடுகளையும், பிடிக்கும் முனையில் துரு ஏறியவற்றையும் ஒதுக்கிவிடுங்கள். துரு ஏறிய கம்பி, அந்தப் பெட்டி ஏற்கெனவே ஈரம் பார்த்தது என்பதற்கு அடையாளம். ஓவனின் டயல் காட்டும் வெப்பநிலையை நம்பாமல், ஆண்டுக்கொரு முறையேனும் தனித் தெர்மோகப்பிளை உள்ளே வைத்துச் சரிபாருங்கள். எங்கள் பழைய ஓவன் ஒன்றில் மேல் தட்டுக்கும் கீழ்த் தட்டுக்கும் இடையே இருந்த வேறுபாட்டைக் கண்டபின், அதைக் காய்ச்சுவதற்குப் பயன்படுத்துவதை விட்டு, இருப்பு வைக்க மட்டும் வைத்திருக்கிறோம்.