லென்ஸ் போடுவதற்கு முன் ஸ்லிட் லேம்ப்: பல வருட அனுபவம்

பல வருடங்களாகக் கான்டாக்ட் லென்ஸ் போடுகிறேன். புதிதாகப் போட நினைப்பவர்கள் முதலில் கேட்பது எந்தக் கம்பெனி நல்லது என்பதைத்தான். என்னைக் கேட்டால் அது இரண்டாவது கேள்வி. உங்கள் கண்ணின் முன்பகுதியை ஸ்லிட் லேம்பில், அதாவது மெல்லிய வெளிச்சக் கோட்டை விழவைத்துக் கண்ணைப் பெரிதாக்கிப் பார்க்கும் கருவியில், முழுசாகப் பார்த்து எழுதி வைத்தார்களா என்பதுதான் முதல் கேள்வி. கண்ணாடிச் சீட்டில் உள்ள பவரை மட்டும் வைத்து லென்ஸ் தருகிற இடத்தில் நான் வாங்கவே மாட்டேன். பவர் நாலைத் தாண்டினால் கண்ணாடிக்கும் லென்ஸுக்கும் எண்ணே வேறு. அதைக்கூட அந்தச் சீட்டு சொல்லாது.

தாடையைத் தாங்கியில் வைத்து, நெற்றியைப் பட்டையில் ஒட்டிக்கொண்டால் வெளிச்சம் மெல்லிய கோடாகக் கண்ணில் விழும். கருவிழி (கண்ணின் முன்புறம் கண்ணாடி போலத் தெளிவாக இருக்கும் படலம்) நடுவில் அரை மில்லிமீட்டரை விடக் கொஞ்சம்தான் தடிமன். அந்தக் கோடு சாய்வாக விழும்போது அதன் குறுக்குவெட்டே பார்ப்பவருக்குத் தெரிந்துவிடும். இந்த முறையை 1911-ல் அறிமுகப்படுத்தியவர் ஸ்வீடன் கண் மருத்துவர் ஆல்வார் குல்ஸ்ட்ராண்ட். நோபல் பரிசும் அவருக்கு அதே வருடம்தான் கிடைத்தது.

பலருக்குப் பயம் தருவது மேல் இமையைப் புரட்டுவது. கீழே பார்க்கச் சொல்வார்கள். இமை மயிரைப் பிடித்துக்கொண்டு, மேலே ஒரு பஞ்சுக் குச்சியை வைத்து, சட்டென்று மடக்குவார்கள். கூச்சமாக இருக்கும், வலிக்காது. மேலே பார்த்தால் இமை தானாகத் திரும்பிவிடும். இதைச் செய்யாமல் விடுபவர்களும் உண்டு, விடவே கூடாது. நாள் முழுக்க லென்ஸ் மேல் உரசுவது இமையின் உட்புறம்தான். அங்கே ஏற்கெனவே பொரிப்பொரியாக இருந்தால் எவ்வளவு நல்ல லென்ஸும் உறுத்தும், மேலே ஏறும், மங்கும். அலர்ஜி உள்ளவர்கள் இதைக் கேட்டே செய்துகொள்ளுங்கள்.

அடுத்தது சாயம். ஃப்ளோரசின் காகிதத்தை நனைத்துக் கீழ் இமைக்குள் லேசாகத் தொடுவார்கள். ஆரஞ்சு நிறச் சாயம் நீல வெளிச்சத்தில் பச்சையாக ஒளிரும். கண் சிமிட்டாமல் இருக்கச் சொல்லிவிட்டு, கண்ணீர்ப் படலம் உடைந்து கருந்திட்டு விழ எத்தனை விநாடி ஆகிறது என்று எண்ணுவார்கள். 10 விநாடிக்குள் உடைந்தால் கண் வறட்சியைச் சந்தேகிக்க வேண்டும். லென்ஸ் மிதப்பதே அந்தப் படலத்தில்தான் என்பதால், வறட்சியைச் சரிசெய்யாமல் லென்ஸ் போட்டால் சாயங்காலம் ஆவதற்குள் கழற்றி எறியத் தோன்றும். கருவிழியில் கீறலோ உராய்வோ இருந்தால் அந்த இடமும் பச்சையாக மின்னும்.

கருவிழியின் வளைவை அளப்பதை எல்லோரும் செய்கிறார்கள். சராசரி ஆரம் 7.8 மில்லிமீட்டர் அளவில் இருக்கும். அதை அளக்கும் கெரட்டோமீட்டர் கருவி நடுப்பகுதியை மட்டும்தான் அளக்கும். கருவிழி கூம்பாகத் துருத்துகிறதோ என்ற சந்தேகம் இருந்தால் முழுப் பரப்பின் வளைவையும் வரைபடமாகக் காட்டும் டோபோகிராபி எடுத்தே ஆக வேண்டும்.

எனக்கு உண்மையிலேயே கைகொடுத்தது முதல் நாள் எழுதிய குறிப்பு. சிவப்பு, சாயம் பிடிப்பது, ரத்தக்குழாய் என ஒவ்வொன்றுக்கும் 0 (இயல்பு) முதல் 4 (கடுமை) வரை மதிப்பெண் போட்டு வைத்திருந்தார்கள். கருவிழியில் ரத்தக்குழாயே கிடையாது. ஆக்சிஜனைப் பெரும்பாலும் காற்றிலிருந்து நேராக எடுத்துக்கொள்கிறது. லென்ஸ் அதைக் குறைத்தால் ஓரத்திலிருந்து குழாய்கள் உள்ளே வளரத் தொடங்கும். ஒரு வருடாந்தரச் செக்கப்பில் எனக்கு மேல் ஓரத்தில் அப்படி நுழைந்திருந்தது. வலி, சிவப்பு, மங்கல் எதுவுமே இல்லை. அந்த இடத்தில் முதல் நாள் 0 என்று இருந்ததால்தான் புதிது என்று உடனே சொல்ல முடிந்தது. ஆக்சிஜனை அதிகம் உள்ளே விடும் சிலிக்கான் ஹைட்ரோஜெல் லென்ஸுக்கு மாறி, போடும் நேரத்தையும் குறைத்த பிறகு அது அதற்கு மேல் வளரவில்லை. ரத்தம் வற்றிய பின்னும் குழாயின் தடம் மெல்லிய கோடாக அங்கேயே இருக்கும் என்றார்கள். இப்போதும் ஒவ்வொரு செக்கப்பிலும் அதைப் பார்க்கிறார்கள்.

லென்ஸைப் போட்ட பிறகும் ஒருமுறை ஸ்லிட் லேம்பில் பார்க்கச் சொல்லுங்கள். சாஃப்ட் லென்ஸ் கருவிழியைச் சுற்றிலும் மூடியிருக்க வேண்டும், சிமிட்டும்போது கொஞ்சமாவது அசைய வேண்டும். அசையவே இல்லையென்றால் இறுக்கம் என்று அர்த்தம்.

செக்கப்புக்குப் போகும்போது கண்ணாடியையும் லென்ஸ் டப்பாவையும் எடுத்துப் போங்கள். சாயம் சாஃப்ட் லென்ஸில் ஊறிவிடும், அதனால் கண்ணைக் கழுவிக் கொஞ்ச நேரம் காத்திருந்துதான் மறுபடி போட வேண்டும். கிளம்பும் முன் அந்த மதிப்பெண் குறிப்புக்கு ஒரு நகலும் கேட்டு வாங்குங்கள். அடுத்த முறை வேறு இடத்தில் காட்ட நேர்ந்தால் ஒப்பிட உங்களிடம் இருப்பது அது ஒன்றுதான்.