அயல்நாட்டரசிடம் பணம் வசூலிக்க ஹாங்காங் நீதிமன்றம் எப்படி?

நடுவர் தீர்ப்பு (இரு தரப்பும் ஒப்புக்கொண்ட தனி நடுவர் மன்றம் தந்த தீர்ப்பு) கையில் இருக்கிறது, பணம் தர வேண்டியது ஓர் அயல்நாட்டின் அரசு, அதன் சொத்து ஹாங்காங்கில். அங்கே வழக்குப் போடலாமா? சீனாவின் அயல்நாட்டு அரசு விலக்குரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்த 2024 ஜனவரி 1-க்கு முன் கேட்டிருந்தால் வேண்டாம் என்றே சொல்லியிருப்போம். விலக்குரிமை என்பது ஓர் அரசை வேறொரு நாட்டு நீதிமன்றம் விசாரிக்கவோ அதன் சொத்தைத் தொடவோ முடியாது என்ற பாதுகாப்பு.

1997 வரை அங்கே பிரிட்டனின் 1978 அரசு விலக்குரிமைச் சட்டம் செல்லுபடியானது. வணிக விவகாரமென்றால் அரசையும் கூண்டேற்றலாம். எஃப்.ஜி. ஹெமிஸ்பியர் நிறுவனம் காங்கோ ஜனநாயகக் குடியரசின் மீது தொடுத்த வழக்கில் 2011-இல் அந்த வழி அடைபட்டது. ஹாங்காங்கின் இறுதி மேல்முறையீட்டு நீதிமன்றம் 3-க்கு 2 என முழு விலக்குரிமையின் பக்கம் நின்றது. நடுவர் மன்றத்துக்குச் சம்மதித்ததாலேயே நீதிமன்றத்தில் விலக்குரிமையை விட்டதாகாது என்றது. பெய்ஜிங்கின் கொள்கை ஹாங்காங்கையும் கட்டும் என்று சீன நாடாளுமன்றத்தின் நிலைக்குழு அந்த ஆகஸ்டில் விளக்கம் தந்தது.

அந்தக் கட்டே இன்று வாதிக்கு உதவுகிறது. 2023 செப்டம்பர் 1-இல் நிறைவேறிய 23 பிரிவு கொண்ட அந்தச் சீனச் சட்டம் ஹாங்காங், மக்காவ் ஆகிய சிறப்பு நிர்வாகப் பகுதிகளைப் பெயர் சொல்லிக் குறிப்பிடவில்லை. ஆனால் கொள்கை மாறினால் ஹாங்காங்கும் மாறத்தான் வேண்டும். மக்காவின் அரசியலமைப்பு போன்ற அடிப்படைச் சட்டத்துக்கும் இதே தர்க்கம் பொருந்தும். வணிகத் தகராறில் வந்த நடுவர் தீர்ப்பை அங்கீகரிக்கவும் அமலாக்கவும் 12ஆம் பிரிவு தடை நீக்குகிறது. சட்டத்தின் சிறந்த பகுதி இதுதான்.

சிக்கல் வசூலில். வழக்குக்கு உட்படச் சம்மதித்தது சொத்தைப் பறிமுதல் செய்யச் சம்மதித்ததாகாது. எழுத்துமூலச் சம்மதம் இல்லையென்றால், வணிகத்தில் பயன்படுவதும் வழக்கோடு தொடர்புள்ளதுமான சொத்தைத்தான் தொட முடியும். தூதரக வங்கிக் கணக்கு, ராணுவ உடைமை, மத்திய வங்கிச் சொத்து மூன்றும் எட்டாது. அயல்நாட்டு மத்திய வங்கிச் சொத்தைக் காக்கும் சீனாவின் 2005 சட்டம், ஹாங்காங்கில் செல்லும் சீனச் சட்டங்களைப் பட்டியலிடும் ஹாங்காங் அடிப்படைச் சட்டத்தின் இணைப்பு 3-லேயே இருக்கிறது.

2023 சட்டம் சொல்லும் காலக்கணக்கும் கவனிக்க வேண்டியது. தூதரக வழியில் அழைப்பாணை அனுப்பினால், தூதரகக் குறிப்பு அனுப்பிய நாளே சேர்ப்பித்த நாள். பதிலளிக்க 3 மாதம். எதிர்த்தரப்பு வராவிட்டாலும் 6 மாதத்துக்கு முன் ஒருதலைத் தீர்ப்பு கிடையாது, மேல்முறையீட்டுக்கு இன்னொரு 6 மாதம். சீன அரசுக்குக் குறைவான விலக்குரிமை தரும் நாடு என்றால் 21ஆம் பிரிவு பதிலுக்குப் பதில் பார்க்கும்; பிரதிவாதி எந்த நாடு என்று முதலிலேயே பாருங்கள்.

ஒப்பந்தம் இன்னும் கையெழுத்தாகவில்லையா? "வழக்கிலிருந்தும், இடைக்கால முடக்கத்திலிருந்தும், தீர்ப்பு நிறைவேற்றத்திலிருந்தும் உள்ள விலக்குரிமையைக் கைவிடுகிறோம்" என்று மூன்றையும் தனித்தனியாக எழுத வையுங்கள். எந்தச் சொத்து, எந்தக் கணக்கு என்பதையும் அதே பிரிவில் சேர்த்தால் பிறகு நிரூபிக்கும் சுமை குறையும்.